அமிர்தவல்லி டாக்டர் சரிசெய்த இரண்டு கீல்கள்

சின்னசேலம் ரயில் நிலையத்தில் சேலம் வண்டிக்காக உட்கார்ந்திருந்தபோது சேகர் தொலைபேசியில் கூப்பிட்டார். சேகர், டாக்டர் அமிர்தவல்லியின் தம்பி. "ராணிக்கா, அக்கா காலையில போயிட்டாங்க. காப்பி கொண்டுபோய் எழுப்பனோம், எந்திரிக்கல. சாயங்காலம் எடுத்துடறோம்" என்றார். வருகிறேன் என்று சொன்னேன். சேலம் வண்டி வந்து நின்றது, போனது. நான் மேம்பாலம் ஏறி வெளியே வந்து கள்ளக்குறிச்சிப் பேருந்தைப் பிடித்தேன்.

எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. இனி அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுத முடியாது.

பத்து நாள் கழித்து, ஓய்வுபெற்ற கால்நடைத் துறை ஊழியர்கள் நாங்கள் கள்ளக்குறிச்சியில் ஒரு சிறிய கூட்டம் நடத்தினோம். படம் வைத்து, மாலை போட்டு, நாலைந்து பேர் பேசினார்கள். அதில் ஒருவர், நல்ல மனிதர், டாக்டரம்மா மீது மரியாதை உள்ளவர், இப்படிச் சொன்னார்: "அந்த ஒரு கவனக்குறைவத் தவிர, அம்மா சர்வீஸ்ல ஒரு குறை சொல்ல முடியாது." எல்லாரும் தலையாட்டினார்கள். மூன்றாவது வரிசையில் தேநீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்த நானும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் எழுத உட்கார்ந்தேன். அன்று அங்கே இருந்தவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

நான் செல்வராணி. கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவள். கல்வராயன் மலைமேல் இருந்த மருந்தகத்தில் டாக்டரம்மாவுக்குக் கீழே ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். உயரமானவர், புடவையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டியிருப்பார். திருமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் மாடோ நாயோ வளர்த்ததும் இல்லை. ஒருமுறை கேட்டேன். "வூட்ல நோயாளி எதுக்கு?" என்றார்.

அவர் பேச்சு பெரும்பாலும் அந்த அளவுதான். மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், "பொழச்சிக்குமாங்க?" என்று கேட்டால், "பொழச்சா சொல்றேன்" என்பார். கேட்டவர்கள் முதலில் அதிர்ந்துபோவார்கள். ஆனால் மாடு பிழைத்தால் உண்மையிலேயே போய்ச் சொல்வார். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊரில், வயிறு உப்பிக் கிடந்த ஒரு எருமைக்குக் குழாய் விட்டுக் காற்றை இறக்கினார். மறுநாள் மூன்று மைல் நடந்து போய், அந்த வீட்டு வாசலில் நின்று, "பொழச்சிடுச்சி" என்றார். எருமை அவருக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர்களுக்குச் சிரிப்பதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை.

அவரிடம் ஒரு பழைய அம்பாசிடர் கார் இருந்தது. வெள்ளை நிறம். அவருடைய அப்பா மூங்கில்துறைப்பட்டுப் பக்கத்தில் கரும்பு விவசாயி. ஆலைக்குப் போய்வர அந்தக் காரைப் பழையதாக வாங்கினார். ஆனால் அப்பா அதைக் காராகப் பயன்படுத்தவில்லை. விதைக்கரும்புக் கட்டை டிக்கியில் நுழைத்து, மூடியைத் திறந்தபடியே கயிற்றால் கட்டி, வயல்பாதையில் ஓட்டுவார். உரமூட்டையும் அப்படித்தான். பல வருஷம் மூடி காற்றில் ஆடி ஆடி, அதைத் தாங்கிய இரண்டு கீல்களும் தேய்ந்துவிட்டன. மூடியைத் தூக்கி நிறுத்தவேண்டிய ஸ்பிரிங்கும் தளர்ந்துபோனது. அப்பா இறந்தபின் கார் டாக்டரம்மாவிடம் வந்தபோது, டிக்கியைத் திறந்து ஒரு முழ மூங்கில் கழியை முட்டுக்கொடுத்தால்தான் மூடி நிற்கும்.

துறை ஜீப் பழுதாகிப் பட்டறைக்குப் போயிருந்த நாட்களில் அவர் அந்தக் காரைத்தான் மலைக்குக் கொண்டுவந்தார். கேட்டு அனுமதி வாங்கவில்லை. கோமாரித் தடுப்பூசி போடும் பருவம். மருந்து பனிக்கட்டிப் பெட்டியிலேயே இருக்க வேண்டும், நேரம் தவறக் கூடாது. கச்சிராயபாளையத்தில் இருந்து வளைவு வளைவாக மேலே ஏறும்போது, பின்னால் மூடி லொடலொடவென்று அடித்துக்கொண்டே வரும். "இந்தக் கீல மாத்தணும் ராணி" என்று ஒவ்வொரு வளைவிலும் சொல்வார். மேலே போனதும் மறந்துவிடுவோம்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

சேராப்பட்டுப் பக்கம் ஒரு சிறிய ஊர். காலை ஒன்பது மணி இருக்கும். ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தி டிக்கியைத் திறந்து வைத்திருந்தோம். பனிக்கட்டிப் பெட்டி உள்ளே இருந்தது. பக்கத்தில் ஒரு முக்காலிமேல் தடுப்பூசிப் பதிவேடு. ஒரு காளை முரண்டு பிடித்ததால் டாக்டரம்மாவும் ஊர்க்காரர்களும் அதைச் சுற்றி நின்றார்கள். காருக்குப் பக்கத்தில் நான் மட்டும். அடுத்த மருந்துக் குப்பியை எடுப்பதற்காக இடது கையை டிக்கியின் விளிம்பில் ஊன்றிக் குனிந்தேன். நிமிர்ந்தபோது ஒரு வெள்ளாடு பதிவேட்டைத் தின்றுகொண்டிருந்தது.

கத்தினேன், போகவில்லை. ஒரு பக்கத்தை முழுதாகக் கிழித்து வாயில் வைத்திருந்தது. கைக்கெட்டிய தூரத்தில் இருந்த ஒரே கோல் அந்த மூங்கில் கழிதான். வலது கையால் அதை உருவி ஆட்டை அடிக்க ஓங்கினேன். இடது கை இன்னும் விளிம்பில்தான் இருந்தது.

மூடி விழுந்த சத்தம் கேட்டு டாக்டரம்மா ஓடிவந்தார். ஒற்றைக் கையால் மூடியைத் தூக்கினார். இடதுகை மோதிர விரலின் மேல்கணு நசுங்கியிருந்தது. அவர் என்னை உட்காரவைத்து, கையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, மாட்டுக்குக் கட்டும் துணியாலேயே இறுக்கிக் கட்டினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"எப்படிடி வுழுந்துச்சி?" என்று கேட்டார்.

கழி தரையில் கிடந்தது. ஆடு போய்விட்டிருந்தது. "குச்சி வழுக்கிடுச்சி மேடம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவள், ஊர் முழுக்க நிற்கும்போது, ஆட்டை விரட்டப் போய் விரலை நசுக்கிக்கொண்டேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். அதற்குமேல் ஒரு திட்டமும் அந்த நிமிஷத்தில் என்னிடம் இல்லை.

டிக்கி மூடியைக் கயிற்றால் கட்டிவிட்டு, என்னைப் பின்சீட்டில் படுக்கவைத்து அவரே கள்ளக்குறிச்சிவரை ஓட்டிவந்தார். வழி முழுக்க அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "எனக்குத் தெரியும், கீல் போச்சின்னு எனக்குத் தெரியும்." மருத்துவமனையில் மேல்கணுவை எடுத்துவிட்டார்கள்.

பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அனுமதி இல்லாத சொந்த வாகனத்தில் அரசுப் பணி, அதில் ஊழியருக்குக் காயம். விளக்கம் கேட்டு மேலிடத்தில் இருந்து மெமோ வந்தது. வேறு யாராக இருந்தாலும் நான்கு பக்கம் எழுதி நழுவியிருப்பார்கள். அவர் நான்கு வரி எழுதினார். அதைத் தட்டச்சு செய்வதற்குமுன் எனக்குப் படித்துக் காட்டினார். 'வாகனம் என்னுடையது. டிக்கிக் கீல் தேய்ந்திருந்தது. அது எனக்கு முன்பே தெரியும். நான் சரிசெய்யவில்லை.' "சரியா இருக்கா?" என்று கேட்டார். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த நான், "சரிதான் மேடம்" என்றேன். சொல்வதற்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்க முடியாது.

அந்த ஆண்டு அவர் உதவி இயக்குநராகப் பதவி உயர்ந்து மலையைவிட்டுக் கீழே வந்திருக்க வேண்டும். பட்டியலில் பெயர் தள்ளிப்போனது. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் முன்னால் போனார்கள். நான்கு ஆண்டுகள் அவர் மலையிலேயே இருந்தார். எனக்குக் காயத்தைக் காரணம் காட்டிச் சின்னசேலத்துக்கு மாறுதல் கிடைத்தது. அதற்கான சிபாரிசுக் கடிதத்தையும் அவர்தான் எழுதினார். அந்த நான்கு ஆண்டுகளில் அவருடைய அம்மா மூங்கில்துறைப்பட்டில் படுத்த படுக்கையாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து இறங்கிவந்து, பார்த்துவிட்டு, மாலைக்குள் திரும்புவார். மூன்றாம் ஆண்டு ஒரு புதன்கிழமை அம்மா இறந்தார். டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள். நான் அதற்கும் போயிருந்தேன். அன்றும் சொல்லவில்லை.

அவர் ஒருநாளும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது, "இவங்க வெரல் போனது என்னாலதான்" என்று சொல்லித்தான் ஆரம்பிப்பார். கல்யாண வீட்டில், பேருந்து நிலையத்தில், எங்கேயும். எனக்கு அது தாங்கமுடியாத எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சல் எதனால் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

இனி கீல்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு அவர் கள்ளக்குறிச்சியில் தம்பி வீட்டை ஒட்டியே ஒரு வீட்டில் இருந்தார். அம்பாசிடர் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நின்றது. அதை அவ்வப்போது ஓட்டுவார். டிக்கியை மட்டும் அன்று கட்டிய மாதிரியே கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். கயிறு நைந்தால் புதுக்கயிறு மாற்றுவார், அவிழ்ப்பதில்லை. காய்கறிப் பையையும் பின்சீட்டில்தான் வைப்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் தொலைபேசினார். "ராணி, சின்னசேலத்துல ஒருத்தரு கார கேட்டுக்கினு வந்தாரு. கல்யாணத்துக்கெல்லாம் வாடகைக்கு வுடறாராம், பழைய காருக்குத்தான் இப்ப மவுசாம். குடுத்துடலாம்னு இருக்கேன். டிக்கி கீல மாத்திட்டுத்தான் குடுப்பேன். மூடியப் புடிக்க ஒரு ஆள் வேணும். நீ வர்றியா?"

"வாங்கறவரே மாத்திக்க மாட்டாரா மேடம்?"

"அவரு அப்படித்தான் சொல்றாரு. பெயின்ட் அடிச்சி, குச்சி வச்சிப்பாரு. அடுத்தவங்க கைய வப்பாங்க."

மறுநாள் போனேன். கொட்டகையில் எல்லாம் தயாராக இருந்தது. ஸ்பானர் சாவிகள், டீசல் ஊற்றிய கிண்ணம், சுத்தியல், ஒரு பென்சில், தரையில் விரித்த பழைய மெத்தை. மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன். "கூப்பிட்டேன். கீல் தேஞ்சா இன்னாம்மா, முட்டுக்குடுத்துக்கங்கன்னான்" என்றார்.

கயிற்றை அறுத்தார். மூடியைத் தூக்குவதற்கு முன் என்னைக் கேட்டார்:

"கை எங்க இருக்கு?"

"வெளிய."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான் மேடம்."

அன்று மூடியைத் தொடும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் பதிலும் நடந்தன. நான் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். கீல் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் உட்கார வேண்டும் அல்லவா? போல்ட்டுகள் துருவேறி அசையவில்லை. டீசலை விட்டுவிட்டு ஒரு மணிநேரம் காத்திருந்தோம். தம்பி மனைவி இட்லி கொண்டுவந்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றன. மூடியை இருவரும் சேர்த்துத் தூக்கி மெத்தைமேல் கிடத்தினோம். அதன் கனம் எனக்குக் கையில் தெரிந்தது.

கீலின் நடுவில் இருந்த ஆணியைத் தட்டி எடுத்தார். ஒரு பக்கம் மெலிந்து, தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. கடையில் அதே கனத்தில் புது ஆணி வாங்கிவந்து போட்டுப் பார்த்தார். அப்படியும் கீல் ஆடியது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு என்னை மறுபடி கூப்பிட்டார். கீல்களைக் கூடையில் போட்டுக்கொண்டு சங்கராபுரம் வழியாக மூங்கில்துறைப்பட்டுக்குப் பேருந்தில் போனோம். அங்கே கரும்பு டிராக்டர்களுக்கு வேலை செய்யும் ஒரு லேத் பட்டறை. அதை வைத்திருந்தவர் கரீம் பாய். டாக்டரம்மாவின் அப்பாவைத் தெரிந்தவர்.

கீலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆணிய மாத்தினா ஆவாதுங்கம்மா. ஆணி தேஞ்ச மாதிரியே ஓட்டையும் தேஞ்சிருக்கு பாருங்க, முட்ட மாதிரி. வட்ட ஆணி முட்ட ஓட்டையில ஆடத்தான் செய்யும். ஓட்டையப் பெருசா வட்டமாக் கடைஞ்சி, உள்ள பித்தளையில சின்னக் கொழா மாதிரி புஷ் போட்டுத் தரேன். இனிமே தேஞ்சா புஷ்தான் தேயும், அத்த மட்டும் மாத்திக்கலாம்."

"எவ்ளோ நேரம் ஆவும் பாய்?"

"சாயங்காலம் ஆவும். ஆல வண்டி ரெண்டு நிக்குது."

நாங்கள் பட்டறைக்கு வெளியே ஒரு டிராக்டர் பெட்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தோம். கரும்பு ஏற்றிய மாட்டுவண்டிகள் ஆலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஒரு மாடு நொண்டியது. டாக்டரம்மா எழுந்துபோய் வண்டியை நிறுத்தச்சொல்லிக் குளம்பைத் தூக்கிப் பார்த்தார். லாடத்தில் ஒரு ஆணி ஆழமாக இறங்கியிருந்தது. வண்டிக்காரர், "நீங்க யாரும்மா?" என்றார். "சும்மா ஒக்காந்துக்கினு இருக்கேன்" என்றார் இவர். லேத் பட்டறையில் இருந்தே குறடு வாங்கி அந்த ஆணியைப் பிடுங்கினார்.

மாலையில் கீல்கள் தயாராகின. மடக்கினால் வெண்ணெய் மாதிரி மடங்கின, பக்கவாட்டில் துளி ஆட்டம் இல்லை. பழைய இரும்பில் இருந்து தேடி, தெம்பான ஸ்பிரிங் இரண்டும் கொடுத்தார் பாய்.

மறுநாள் மாட்டினோம். நான் காருக்குப் பின்னால் நின்று மூடியின் கனம் முழுவதையும் தோளிலும் கையிலும் தாங்கிக்கொண்டேன். டாக்டரம்மா டிக்கிக்குள் தலையையும் இரண்டு கைகளையும் விட்டு, கீலுக்கும் உடம்புக்கும் இடையில் விரலால் போல்ட்டைத் தடவித் தடவி ஏற்றிக்கொண்டிருந்தார். ஸ்பிரிங் இன்னும் மாட்டவில்லை. நான் விட்டால் அவர் கை போய்விடும். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"மேடம், அன்னைக்குக் குச்சி வழுக்கல."

உள்ளே சாவியின் சத்தம் நின்றது.

"நான்தான் உருவினேன். ஆடு பதிவேட்டத் தின்னுச்சி. அத்த அடிக்க உருவினேன். இந்தக் கைய எடுக்க மறந்துட்டேன்."

பிறகு, "மூடிய வுட்றாத" என்றார்.

"வுட மாட்டேன்."

"இன்னொரு தரம் சொல்லு."

சொன்னேன்.

"ஆடா?"

"ஆமா மேடம். ஆடு."

சாவி மறுபடி சுழன்றது. நான்கு போல்ட்டையும் பென்சில் கோட்டுக்குச் சரியாக வைத்து முடுக்கினார். "இப்ப அந்தப் பக்கம்" என்றார். அதையும் முடித்தார். ஸ்பிரிங்குகளை மாட்டினார். வெளியே வந்து, மண்ணெண்ணெயில் கையைக் கழுவி, சோப்புப் போட்டு மறுபடி கழுவி, துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். திரும்பி வரவில்லை. தம்பி மனைவி எனக்குத் தேநீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் அவரிடமிருந்து அழைப்பு இல்லை. நானும் கூப்பிடவில்லை. இனி கூப்பிட மாட்டார் என்று முடிவே செய்திருந்தபோது ஒரு காலையில் தொலைபேசி அடித்தது.

"மூடி எடது பக்கம் சந்து ஜாஸ்தியா இருக்கு, வலது பக்கம் கம்மியா இருக்கு. நாளைக்கு வா."

போனேன். ஒரு பிஸ்கட் டின்னை வெட்டி மெல்லிய தகடுகள் செய்து வைத்திருந்தார். கீலுக்கு அடியில் ஒரு தகடு வைத்து முடுக்கி, மூடிப்பார்த்து, போதாமல் இன்னொன்று வைத்தோம். மூன்றாவது தகடு வைக்கும்போது பேசினார்.

"நாலு வருஷம், ராணி."

"ஆமா மேடம்."

"அம்மா படுத்துக்கினு இருந்தாங்க. ஞாயித்துக்கெழம பொண்ணு வருவான்னு சனிக்கெழமையே தல வாரிக்கினு காத்துக்கினு இருப்பாங்களாம். தம்பி சொல்லுவான். அத்தெல்லாம் நீ பாத்துக்கினுதான இருந்த?"

"பாத்துக்கினுதான் இருந்தேன்."

"இன்னாத்துக்குச் சொல்லல?"

"மொதல்ல வெக்கம். அப்புறம் மெமோ வந்துடுச்சி, பயம்."

"அப்புறம்?"

"அப்புறம் பழகிப்போச்சி மேடம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நோய் என்னவென்று பிடிபடாத மாட்டின் முன்னால் நின்று, கடைசியில் ஒரு அறிகுறி கிடைக்கும்போது அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. கோபம் இருந்தது. ஆனால் கோபம் மட்டும் இல்லை.

"குச்சிய நீ எடுத்த. சரி. குச்சிய எடுத்தா வுழற மூடிய மாசக்கணக்கா வச்சிக்கினு சுத்தினது நான். நான் எழுதிக் குடுத்ததுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல. இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்" என்றார். பிறகு தகட்டை வைத்து முடுக்கிவிட்டு, "ஆனா நீ சொல்லியிருக்கணும்" என்றார்.

நான் இப்போதாவது துறைக்கு எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"யாருக்கு எழுதுவ? அந்த ஃபைலே எங்க இருக்கோ. நான் இருக்கற வரைக்கும் வேணாம். ஆளாளுக்கு வந்து, அய்யோ பாவம்னு வெசாரிப்பாங்க. எனக்கு ஆவாது. அப்புறம் உன் இஷ்டம்."

சந்து சரியானது. மூடியை ஒரு விரலால் தூக்கினார். பாதியில் விட்டார், அங்கேயே நின்றது. முழுவதும் தூக்கிவிட்டு இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார். நின்றது. காரை அவரே லேசாக ஆட்டிப் பார்த்தார். அப்போதும் நின்றது. என்னைப் பார்த்து, "கைய வை" என்றார். இடது கையை விளிம்பில் வைத்தேன். அவர் நூறுவரை எண்ணுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். பிறகு, "போதும், எடு" என்றார்.

அடுத்த வாரம் சின்னசேலத்துக்காரர் வந்து காரை எடுத்துப்போனார். அவரையும் கொட்டகையில் நிற்கவைத்து மூடியைப் பத்துத் தடவை திறந்து மூடச் சொன்னாராம். "சூப்பரா இருக்குங்கம்மா" என்றவரிடம், "தொறந்தபடி ஓட்டாதீங்க" என்று மட்டும் சொல்லியனுப்பினார் என்று சேகர் சொன்னார்.

அதன்பிறகு எங்கள் பழக்கம் பழையபடி இருந்தது என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் கறாராகத்தான் இருந்தார். நான் ஏதாவது சொன்னால், "நெஜமாவா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்வார். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு யாரிடமும் என்னை அறிமுகப்படுத்தும்போது விரலைப் பற்றி அவர் சொல்லவே இல்லை. "இது ராணி. என்கூட வேல பாத்தவங்க" என்பார். ஒரு கல்யாண வீட்டில் முதல்முறை அப்படிச் சொன்னபோது நான் கை கழுவுகிற சாக்கில் எழுந்துபோய்விட்டேன்.

கூட்டத்தில் பேசிய நண்பருக்கு இப்போது சொல்கிறேன். அது டாக்டரம்மாவின் கவனக்குறைவு மட்டும் அல்ல. பாதி என்னுடையது. அந்தப் பாதியை அவர் தலையில் நான்கு ஆண்டு சுமக்கவிட்டேன். உங்களுக்கு என்மேல் மதிப்புக் குறையலாம், அது நியாயம்தான். அவரைப் பற்றிப் பேசும்போது இனி இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அவருடைய பொருள் எதையும் நான் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. சேகர் ஒரு புடவை எடுத்துக்கொள்ளச் சொன்னார், வேண்டாம் என்றேன். நான் வைத்திருப்பது அன்று தகடு வைக்கும்போது அவர் சொன்ன இரண்டு வாக்கியங்கள். 'நான் எழுதியதில் பொய் இல்லை' என்பது ஒன்று. 'ஆனால் நீ சொல்லியிருக்க வேண்டும்' என்பது மற்றொன்று. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டால் எனக்கு வசதி. அவர் இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார்.